பூவாத்தாள் கை வைக்காத பாதி

அவைத்தலைமை ஏற்று அமர்ந்திருக்கும், எங்கள் மன்றத்தின் ஆணிவேர், அதட்டினாலும் அன்னை, அரவணைத்தாலும் அன்னை, செல்லக்கண்ணு அம்மையார் அவர்களே! தீர்மானத்தை முன்மொழிந்து, முழங்கி, முடிவில் மூச்சு வாங்கி அமர்ந்திருக்கும் மன்றச் செயலாளர், அருமைத் தம்பி காளிதாஸ் அவர்களே! நஞ்சன்கூட்டு ஆலையில் பகல் ஷிப்ட் முடித்து, ரயிலில் நின்றுகொண்டே வந்து, இந்த மண்டபத்திலும் நின்றுகொண்டே இருக்கும் அண்ணன்மார்களே! பிள்ளையை மடியிலும், சுண்டலைக் கையிலும், சிந்தையைச் சாமுண்டித் தாயிடமும் வைத்திருக்கும் தாய்மார்களே! தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்லும் எங்கள் வீட்டுச் செல்வங்களே! கொலுப்படியில் வீற்றிருந்து, இந்த மன்றத்தில் நடப்பதையெல்லாம் ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அம்பிகையே! அனைவர் பாதத்திலும் என் பணிவான வணக்கத்தைப் பூவாகத் தூவுகிறேன்.

மைக் கேட்கிறதா? கேட்கிறது என்று சொல்கிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களை நான் கேட்கவில்லை. பின்னால்? சரி.

மைசூர்த் தமிழ் மன்றத்தின் பொருளாளர் பாக்கியலட்சுமியாகிய என்னை இந்த நவராத்திரி மேடைக்கு அழைத்தது ஒரே ஒரு காரியத்துக்கு. தம்பி காளிதாஸ் முன்மொழிந்த தீர்மானத்தை நான் வழிமொழிய வேண்டும். ‘வழிமொழிகிறேன்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றார்கள். ஒரு சொல்லுக்காக மேடையேறுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை.

தீர்மானம் என்ன? பூச்சியை எதிர்க்கும்படி மரபணுவை மாற்றிய பருத்தியை, கௌதள்ளியில் ஒரு தோட்டத்தில் சோதனைக்குப் போட்டிருக்கிறார்கள். நாளை ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு நாம் லாரியில் போய் அந்தச் செடிகளை வேரோடு பிடுங்கி எறிய வேண்டும். ஊரே யானை ஊர்வலம் பார்க்கப் போகும் நாளில் நாம் செடி பிடுங்கப் போகிறோம். தியாகம்தான். மறுக்கவில்லை.

இனி என் பக்கத்தைச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மீதிப் படிப்பை மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டித் தந்த காகிதத்திலும், பிறகு வாசகசாலையிலும் படித்தவள். வரவை வரவு என்றும், செலவைச் செலவு என்றும் எழுதுகிறவள். கணக்கு முடியாமல் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. தலைவர் அம்மையாரே என்னிடம் கெஞ்சியிருக்கிறார். போட்டதில்லை. சிரிக்கிறார், பாருங்கள்.

ஆகவே அன்பர்களே, கணக்கை முடித்துவிட்டுச் சொல்கிறேன், வழிமொழிகிறேனா இல்லையா என்று.

முதல் வரி. அந்தத் தோட்டம் யாருடையது? என் உடன்பிறந்த தம்பி கெம்பையனுடையது.

ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள்? காளிதாஸ், தண்ணீர் குடியுங்கள். உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். தீர்மானத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. தம்பி தோட்டம் என்பதற்காகத் தடுக்கிறாள் இவள் என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொண்டே கேளுங்கள். தடையில்லை.

கௌதள்ளியை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பாதையில், ஹனூர் தாண்டி, பஸ்ஸில் தமிழ்ப் பேச்சு பலமாகக் கேட்கத் தொடங்கினால் அதுதான் கௌதள்ளி. கெம்பையனின் தோட்டம் அந்தப் பாதையோரம். மூன்று வருடத்துக்கு முன் அவன் பருத்தியில் காய்ப்புழு விழுந்தது. முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தான். அடித்தான். அதற்கும் சாகவில்லை என்று கடைக்காரர் வேறொன்றைக் கொடுத்தார். அதையும் அடித்தான். காற்று எதிர்த்து அடித்தது. வாயில் நுரை தள்ளிச் சால் நடுவே விழுந்தான். பூச்சிக்கு அடித்த மருந்து, பூச்சியை விட்டுவிட்டு என் தம்பியைப் பிடித்துக்கொண்டது!

அதற்கு ‘மருந்து’ என்று பெயர் வைத்தவரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் ஒரு கேள்வி இருக்கிறது.

மலைக்குப் போய்த் திரும்பிய யாத்திரிகர்களின் வேன் ஒன்று நின்றது. சாமி பிரசாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவனைக் கிடத்திக் கொள்ளேகாலத்துக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தான். மாதேஸ்வரன் காத்தான் என்பேன் நான். ஊசி காத்தது என்பார் டாக்டர். இரண்டையும் நான் வரவில்தான் வைத்திருக்கிறேன். டாக்டர் ஒன்று சொன்னார்: ‘இனி அந்த வாடை இவருக்கு ஆகவே ஆகாது. மறுபடி விழுந்தால் என்னிடம் கொண்டுவர வேண்டாம்.’ புரிந்ததா தாய்மார்களே? கொண்டுவந்து பயன் இராது என்று அர்த்தம்.

பருத்தியை விட்டுவிடக் கூடாதா என்கிறீர்கள். யாரது, அந்தத் தூணோரம்? நல்ல கேள்வி. நாங்களும் கேட்டோம். அவன் சொன்னான்: “அக்கா, அந்த மண்ணுக்குப் பருத்தியத் தவுர வேற ஒண்ணும் சிரிச்ச மொகத்தோட வராது.” கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

இந்த நேரத்தில்தான் ஒரு கம்பெனியின் ஆள் வந்தார். விஜய்குமார் என்று பெயர். விவசாயம் படித்த கன்னடப் பிள்ளை. ஒரு புது விதை, புழுவைத் தானே கொல்லும், சோதித்துப் பார்க்க நிலம் வேண்டும் என்றார். அவர் கன்னடத்தைத் தமிழாக்கி, தம்பி தமிழைக் கன்னடமாக்க என்னை மைசூரிலிருந்து வரச்சொன்னார்கள்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய வகையில் சொல்கிறேன். மண்ணிலே ஒரு நுண்ணுயிர். கண்ணுக்குத் தெரியாது. அது தன் உடம்பில் ஒரு புரதம் செய்யும். அதைத் தின்ற புழுவுக்கு வயிறு புண்ணாகும். தின்பதை நிறுத்தும். சாகும். மாட்டுக்கும் மனிதனுக்கும் அது ஒன்றும் செய்யாது என்கிறார்கள். ‘என்கிறார்கள்’ என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். அந்தச் சொல்லைக் காரணமில்லாமல் நான் போடவில்லை.

ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். பெட்டியோடு, பிறந்த வீட்டு ரசத்தின் பக்குவத்தையும் கொண்டுபோகிறாள். அன்றுமுதல் அந்த வீட்டில் அந்த ரசம். அவள் பெற்ற பிள்ளைகள் வைப்பதும் அந்த ரசம். அதுபோல நுண்ணுயிரின் பக்குவத்தை எடுத்துப் பருத்தியின் உள்ளே, விதையின் உள்ளே, வைத்துவிட்டார்கள். இலையிலும் அந்த ரசம், காயிலும் அந்த ரசம். சாப்பிட வருகிற புழுவுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அவ்வளவுதான். நுண்ணுயிருக்கும் பருத்திக்கும் ஜாதகம் பார்த்தார்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தம்பி காளிதாஸ் சற்றுமுன் இந்த மேடையில் கேட்ட கேள்விகள் அனைத்தையும் அன்றே கேட்டேன். பருத்திக்கொட்டையைத் தின்ற மாட்டின் பால் குழந்தைக்கு ஆகுமா? வருடா வருடம் விதைக்கு உங்கள் வாசலில்தான் வந்து நிற்க வேண்டுமா? புழு இதற்கும் பழகிவிட்டால் என்ன செய்வீர்கள்? சிலவற்றுக்குப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு, “கொத்தில்லாம்மா” என்றார். தெரியாது என்றார்! படித்தவர் ஒருவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது என் காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் குளிர்ச்சியை வைத்துக் கணக்கு எழுத முடியாது.

சோதனை எப்படி? தோட்டத்தில் பாதி புதுப் பருத்தி. பாதி பழைய பருத்தி. இரண்டிலும் புழுவுக்கு மருந்தடிக்கக் கூடாது. பழைய பாதியைப் புழு தின்ன வேண்டும். புதுப் பாதியைத் தின்னாமல் விட வேண்டும். அப்போதுதான் விதை ஜெயித்தது. தம்பிக்கு ஒரே ஆசை: விதை ஜெயித்தால், அவன் மறுபடி ஸ்பிரேயரை முதுகில் ஏற்ற வேண்டாம்.

விதைத்தார்கள். வளர்ந்தது. காய் பிடித்தது. விஜய்குமார் வந்தார். புதுப் பாதியைப் பார்த்தார், பச்சைப் பசேல்! பழைய பாதியைப் பார்த்தார். அதுவும் பச்சைப் பசேல்! குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். “அம்மா, இல்லி ஹுளுவே இல்லா! ஹுளு இல்லாத ஊரில ஹுளு கொல்லுற செடிக்கு ஏனு கெலசா?” என்றார், அதற்குள் எங்களிடம் பழகிய அரைத் தமிழில். ஹுளு என்றால் புழு. மைசூரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புழுவே இல்லாத ஊரில் அந்தச் செடிக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி.

அன்று மத்தியானம் தம்பி வீட்டில் அவருக்கு விருந்து. நாட்டுக்கோழிக் குழம்பு. நான் மோர்ச்சோற்றோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “இந்த ஊர்க் கோழிக்கு என்ன ருசி!” என்றார். சோதனை முடிந்தது, இந்த ஊர் சரிப்படாது, கம்பெனி வேறு ஊர் பார்க்கும் என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டார்.

கெம்பையன் எழுந்துபோய், பரண்மேல் இருந்த ஸ்பிரேயரை இறக்கினான். வாசலில் வைத்துக் கழுவத் தொடங்கினான். “வேற வழியில்ல அக்கா. அடுத்த வெள்ளாமைக்கு நானே அடிச்சுக்கறேன். மூக்குல துணியக் கட்டிக்கிட்டா ஆச்சு,” என்றான். டாக்டர் சொன்னதற்கு அவன் கண்டுபிடித்த பதில் அந்தத் துணி.

அப்போது அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள் ஒருத்தி. அவன் மனைவி பூவாத்தாள். ஓடிவந்து ஸ்பிரேயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “புழு இருந்துச்சுங்க! கொள்ள கொள்ளயா இருந்துச்சுங்க! நாந்தானுங்க பொறுக்குனேன்!”

எங்கே பொறுக்கினாள்? எப்போது பொறுக்கினாள்? தினமும் விடிகாலையில், சாணி எடுக்கப் போகிறேன் என்று கூடையோடு கிளம்பி, பழைய பாதிக்குள் புகுந்து, இலை இலையாகப் புரட்டி, காய் காயாகத் தடவி, ஒரு புழு விடாமல் பொறுக்கியிருக்கிறாள்! ஒரு வெள்ளாமை முழுக்க! யாருக்கும் சொல்லாமல்!

ஏன் செய்தாய் என்று கேட்டேன். கணவனின் அக்காளை எங்கள் பக்கத்தில் ‘நங்கையா’ என்போம். அவள் சொன்னாள்: “நங்கையா, நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க. ஒரே பந்தியில ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. ஒருத்தனுக்கு நெய்யி ஊத்திப்போட்டு, அடுத்தவன் எலையத் தாண்டிப் போறதுக்கு எனக்குக் கை வருமுங்களா? அந்தப் பாதியும் நான் வெதச்சதுதானுங்களே? அதென்ன பாவம் பண்ணுச்சு? ரோட்டுல போறவீங்க என்னைய என்னம்பாங்க?”

தாய்மார்களே! சிரிக்காதீர்கள். உங்களில் யாராவது, பந்தியில் ஒரு இலையைத் தாண்டிப் போயிருக்கிறீர்களா? போக முடியுமா? பெற்ற பிள்ளை இரண்டில் ஒன்றுக்குப் பால் கொடுத்து, ஒன்றைக் காயப்போட்டுப் பார், எது நன்றாக வளர்கிறது என்று சோதிப்போம் என்றால் சம்மதிப்பீர்களா? அவளும் சம்மதிக்கவில்லை. புத்தியில்லாமல் செய்யவில்லை, பந்தி தர்மத்துக்காகச் செய்தாள். அந்தத் தர்மம் சோதனையைத் தரைமட்டமாக்கியது. தன் புருஷன் உயிருக்கு எதை நம்பியிருந்தாளோ, அதைத் தன் கையாலேயே, தினம் தினம், கூடை கூடையாக அழித்திருக்கிறாள்!

பொறுக்கிய புழுவை என்ன செய்தாள்? அதைச் சொல்லவில்லையே. கோழிக்குப் போட்டாள்.

ஆமாம். அந்தக் கோழிக்குத்தான்.

மறுநாளே விஜய்குமாரை வரவழைத்தேன். வரவில் தவறு நேர்ந்தால் மறைக்கக் கூடாது. கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். உள்ளதை உள்ளபடி சொன்னோம். அவர் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ... நேத்து நான் தின்ன கோழி...” என்றார்.

“ஆமாங்க சார்,” என்றாள் பூவாத்தாள். “நல்லா இருக்குதுன்னு நீங்கதானுங்க ரெண்டு தடவ வாங்குனீங்க.”

தன் சோதனையின் முடிவைத் தானே சாப்பிட்ட விஞ்ஞானி உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. கொத்தில்லை. ஆனால் நல்ல பிள்ளை. கோபித்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் மன்றாடி இன்னொரு வெள்ளாமைக்கு அனுமதி வாங்கிவந்தார். ஒரே நிபந்தனை: பழைய பாதியில் யாரும் கை வைக்கக் கூடாது. இதுவும் கெட்டால் மூன்றாம் முறை கிடையாது.

அந்த வெள்ளாமைதான் இப்போது நிற்கிறது. நாம் பிடுங்கப் போவது அதைத்தான்.

பூவாத்தாள் என்ன செய்தாள்? தன் கையை அவளுக்குத் தெரியும். மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போனாள். சாமி முன்னால் வலக்கையில் காப்புக் கட்டிக்கொண்டாள். பருத்தி வெடித்து, எடுத்து, இரண்டு குவியலாகக் குவிக்கும்வரை பழைய பாதிக்குள் கால் வைப்பதில்லை, கை வைப்பதில்லை. நாமெல்லாம் என்னென்னவோ செய்வதாகச் சாமிக்கு நேர்ந்துகொள்கிறோம். முடி கொடுக்கிறேன், மொட்டை போடுகிறேன், அன்னதானம் செய்கிறேன் என்கிறோம். ஒன்றுமே செய்யமாட்டேன் என்று நேர்ந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். சாமியே ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்.

அது சின்ன விரதமா? அமாவாசைக்கு அமாவாசை மலைக்குப் போகிற கூட்டம் அந்தத் தோட்டத்தைத் தாண்டித்தானே போகிறது! பழைய பாதியில் காய் எல்லாம் ஓட்டை. வரப்பில் நிற்கிறாள் இவள். ஒரு கிழவர் கேட்டிருக்கிறார்: “ஏம்புள்ள, புழு திங்கறதப் பாத்துக்கிட்டு நிக்கறியே, கையில என்ன வெலங்கா மாட்டியிருக்குது?” இவள் கையைத் தூக்கிக் காட்டினாளாம். “காப்புங்க.” கிழவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எதைக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

என்னம்மா? புதுப் பாதி எப்படி இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? காய்ப்புழு குறைவு என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தத்துப்பூச்சி வந்திருக்கிறது, அசுவினி வந்திருக்கிறது. அவை சாறு உறிஞ்சுகிற ஜாதி. இந்த ரசம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அவற்றுக்கு வேப்பெண்ணெய் போதுமா, மறுபடி ஸ்பிரேயரில் அந்த மருந்தை ஊற்ற வேண்டுமா? தெரியாது. ஜெயித்ததா? தெரியாது. தோற்றதா? தெரியாது. பாதிக் காய் இன்னும் வெடிக்கவில்லை. வெடிக்காத காயில் பஞ்சைப் பார்த்தவர் இந்த மண்டபத்தில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். காளிதாஸ் தம்பி, நீங்கள் எதற்குத் தூக்குகிறீர்கள்? ஓ, நேரமாகிறதா. முடிக்கிறேன்.

அன்பர்களே! போன வருடம் சில ஊர்களில் இந்தச் செடியைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள் என்று படித்தோம். பிடுங்குவது எளிது! கொளுத்துவது அதைவிட எளிது! வேறு சிலர் இது வந்துவிட்டால் வறுமை ஓடிவிடும் என்று தேங்காய் உடைக்கிறார்கள். கும்பிடுவதும் எளிது! கடினமானது எது? கண்ணெதிரே தன் வெள்ளாமையில் பாதி அழிவதைப் பார்த்துக்கொண்டு, கை இருந்தும் கை வைக்காமல், கண் நிறைந்த கண்ணீரோடு, உண்மை தன் காலில் நடந்து வந்து சேரும்வரை காத்திருப்பது! அதுதான் கடினம்! அதுதான் தவம்! கம்பெனியை நம்பச் சொல்லவில்லை நான். கம்பெனி சொல்வதை நம்பாதே என்பதற்குத்தானே சோதனை! கணவன் உயிரைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டு, அடுத்த தட்டைத் தொடமாட்டேன் என்று ஒரு பெண் நிற்கிறாள். அந்தத் தராசின் முள் நிற்பதற்குள், நாம் போய்த் தராசையே பிடுங்கிக்கொண்டு வருவதா? அதற்கு நாம் விஜயதசமியைத் தேர்ந்தெடுப்பதா? அம்பிகை கொலுப்படியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளைப் பார்த்துச் சொல்கிறேன்: இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை!

உட்காருங்கள், உட்காருங்கள். இன்னும் முடியவில்லை. நான் ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். காளிதாஸ் தம்பி, லாரியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். லாரி அப்படியே இருக்கட்டும். நாள் மட்டும் மாறட்டும். தீபாவளி கழிந்து பருத்தி வெடித்ததும் எல்லோரும் வாருங்கள். அரிவாளுக்குப் பதில் கூடை எடுத்து வாருங்கள். அந்தப் பாதியை அந்தக் குவியலாகவும், இந்தப் பாதியை இந்தக் குவியலாகவும் உங்கள் கையாலேயே எடுங்கள். உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கம்பெனிக்காரர் எழுதுவதற்கு நீங்கள் சாட்சி நில்லுங்கள். சரியாக எழுதாவிட்டால் காளிதாஸ் முழங்கட்டும், அவருக்குக் குரல் இருக்கிறது. அந்தச் செடி பொய் என்று தெரிந்தால், முதல் செடியை நான் பிடுங்குகிறேன். என் தம்பி தோட்டத்தில், என் கையால்.

நாளை கெம்பையன் வீட்டில் ஏருக்குப் பொட்டு வைப்பார்கள், மண்வெட்டிக்குப் பொட்டு வைப்பார்கள். ஸ்பிரேயருக்கு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பூவாத்தாள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆமாம், வந்திருக்கிறாள். மூன்றாம் வரிசையில், மஞ்சள் சேலை. நீங்கள் என்ன தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்டுப்போக, காலை பஸ்ஸில் கொள்ளேகாலம் வழியாக வந்து, அப்போதிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையில் இருக்கிற சுண்டலைப் பாருங்கள், இன்னும் பிரிக்கவில்லை.

திருத்தத்துக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம். தலைவர் அம்மையார் தூக்கிவிட்டார். நன்றி. நிற்கிற அண்ணன்மார்கள்... நன்றி. தாய்மார்கள் ஒரு கையில் பிள்ளை இருந்தால் மறு கையைத் தூக்குங்கள். காளிதாஸ் தம்பி... இது நேரமாகிறது என்கிற கையா, சம்மதம் என்கிற கையா? சம்மதமா. மகிழ்ச்சி.

நீ தூக்க வேண்டாம் பூவாத்தா. உன் கை சும்மா இருக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்டும் எழுந்து போகாத பெரியோர்களுக்கும், மைக் செட்டுக்காரருக்கும், கொலுவில் குடியிருக்கும் தாய்க்கும் என் நன்றி. போகும்போது சுண்டல் வாங்கிக்கொண்டு போங்கள். பந்தி தர்மப்படி எல்லோருக்கும் ஒரே அளவு. வணக்கம்.